பறி என்னும் சொல்

சில மாதங்களுக்கு முன்பு எட்டாம் வகுப்பிலே தமிழ்ப் பாடம் நடந்துகொண்டிருந்தது. அன்றைய செய்தித்தாளில் வந்த ஒரு செய்தியை மாணவன் ஒருவன் எழுந்து வாசித்தான். வணிகர் ஒருவரிடம் கப்பம் கேட்டு மிரட்டிய சிலர் பிடிபட்டனர் என்பது செய்தி. கப்பம் என்றால் என்ன என்று கேட்டேன். “அச்சுறுத்திப் பணம் பறித்தல்” என்றான். நன்று என்று சொல்லி மேலே செல்ல முனைந்தேன். அப்பொழுது பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி, “சேர், எங்கள் அம்மா கொழுந்து பறிக்கிறார். அந்த ஆட்கள் பணம் பறிக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே சொல்தானா?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. தக்க விடை உடனே நாவில் வராமையே அதற்குக் காரணம்.

அந்தப் பிள்ளைக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய விடையையே இன்று நேயர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பறி என்பது நம் மொழியின் பழஞ்சொற்களுள் ஒன்று. செடியிலிருந்து மலரைக் கொய்தால் பூப்பறித்தல் என்கிறோம். தளிரைக் கொய்தால் கொழுந்து பறித்தல். நிலத்திலிருந்து கிழங்கை எடுத்தால் கிழங்கு பறித்தல். ஒன்றோடு ஒன்றாய் ஒட்டி நிற்பதை அதனிடமிருந்து பிரித்து எடுப்பதே இச்சொல் உணர்த்தும் செயல். செடிக்கு வாயில்லை, ஆதலால் அங்கே வன்மை தோன்றுவதில்லை. அதே செயல் மனிதனிடத்து நிகழும்போது சொல்லின் நிறம் மாறிவிடுகிறது. வழியிற் செல்வோனிடம் பொருளைக் கவர்வது வழிப்பறி. சங்க நூல்களின் பாலை நிலத்திலே வழிச்செல்வோரை மடக்கிப் பொருள் கொள்வோர்க்கு ஆறலை கள்வர் என்று பெயர். ஆறு என்பது வழி. வழியிலே அலைத்து வருத்துவோர் அவர். மீன் பிடிக்கும் கூடை ஒன்றுக்கும் நம்மவர் பறி என்றே பெயரிட்டிருக்கின்றனர். மீன் தானாகவே அதனுள் நுழைகிறது, வெளியேறுவதற்குத்தான் வழியில்லை. அந்தக் கூடையை நேயர்கள் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

ஆங்கிலத்தில் இக்குற்றத்தை எக்ஸ்டோர்ஷன் என்பர். இது இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. டோர்க்குவேரே என்னும் இலத்தீன் வினைக்கு முறுக்குதல் என்று பொருள். எக்ஸ் என்னும் முன்னொட்டு வெளியே என்பதைக் குறிக்கும். ஆகவே முறுக்கி வெளியே எடுப்பது என்பதே அச்சொல்லின் பொருளாம். சித்திரவதையைக் குறிக்கும் டோர்ச்சர் என்னும் சொல்லும் இதே வேரிற் பிறந்தது. நாமும் “பிழிந்தெடுத்தான்” என்றும் “கறந்துவிட்டான்” என்றும் சொல்லுகிறோம் அல்லவா? கருத்து வேறன்று.

மேனாட்டு வரலாற்றிலே ஒரு செய்தி நம் கவனத்துக்குரியது. இச்சொல் முதலிற் குறித்தது வீதியில் நிற்கும் முரடனை அன்று. பதவியில் இருக்கும் அதிகாரியை. உரோம ஆட்சியிலே மாகாண ஆளுநர்கள் குடிகளிடம் கொள்ளையாய்ப் பணம் பெற்றனர். அதனை விசாரிக்கக் கி.மு. 149 இல் கல்பூர்னியச் சட்டத்தின் வழி நிலையான நீதிமன்றம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. சிசிலித் தீவை ஆண்ட வெர்ரெஸ் என்பவன் மீது கி.மு. 70 இல் சிசரோ வழக்குரைத்ததும் இக்குற்றத்தின் பொருட்டே. இங்கிலாந்திலும் 1275 ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர்ச் சட்டம், அரசனுடைய அதிகாரிகள் தம் கடமையைச் செய்வதற்காகக் குடிகளிடம் பொருள் பெறுதல் கூடாது எனத் தடுத்தது. பதவியின் பெயரால் பெறுவதே அங்கே பறிப்பின் முதற் பொருள். முரடனின் மிரட்டலைக் குறித்தது பிற்காலத்து விரிவு.

முறுக்குதலும் பணம் எடுத்தலும் வெறும் உவமையாய் நில்லாமல் உண்மையாகவே ஒன்றுகூடிய இடம் ஒன்றும் உண்டு. அது நம் முன்னோர் புறப்பட்டு வந்த சென்னை மாகாணம். அங்கே நிலவரி பெறுவதற்காகக் கீழ்நிலை ஊழியர்கள் குடியானவர்களை வதைக்கின்றனர் என்ற முறையீடு எழுந்தது. அதனை ஆராய அமைந்த ஆணைக்குழு 1855 ஆம் ஆண்டிலே அறிக்கை வெளியிட்டது. கிட்டி என்னும் கருவியில் விரல்களை இடுக்கி நெரித்ததும், உடலை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தியதும் அவ்வறிக்கையிற் பதிவாகியுள்ளன. அந்தக் காலத்தில்தான் திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தனர். பஞ்சமும் கடனும் வரியும் ஒருபுறம் தள்ள, கண்காணாத மலையின் பெயர் மறுபுறம் இழுத்தது. ஒரு முறுக்கிலிருந்து தப்பினோம் என்று எண்ணி வந்தவர்களுக்கு வேறொரு முறுக்குக் காத்திருந்தது. அதனைச் சொல்லுமுன் சட்டம் இச்சொல்லுக்குக் கூறும் இலக்கணத்தைப் பார்ப்போம்.

மெக்காலே பிரபு 1837 ஆம் ஆண்டில் வரைந்து, 1860 இல் இந்தியாவிலே சட்டமாக்கப்பட்ட தண்டனைச் சட்டத்தின் 383 ஆம் பிரிவு பணம் பறித்தலை வரையறுத்தது. இந்தியாவில் அச்சட்டத்தின் இடத்தை 2024 ஆம் ஆண்டு ஜூலை 1 ஆம் தேதி முதல் வேறொரு சட்டம் பெற்றுவிட்டது. அதில் இக்குற்றம் 308 ஆம் பிரிவாய் அமைந்துள்ளது. இலங்கையில் 1883 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவையே இன்றும் வழங்குகிறது. அதன் 372 ஆம் பிரிவு இது பற்றியது. ஒருவரை அவருக்கோ பிறருக்கோ தீங்கு நேரும் என்று வேண்டுமென்றே அஞ்சச் செய்து, அந்த அச்சத்தினால் அவர் தம் பொருளையோ, பணமதிப்புள்ள பத்திரத்தையோ, அவ்வாறு பத்திரமாக்கக்கூடிய கையொப்பமிட்ட தாளையோ ஒப்படைக்கும்படி நேர்மையின்றித் தூண்டுவதே பணம் பறித்தல். இதுவே அப்பிரிவின் சாரம்.

இதனைத் திருட்டோடு ஒப்பிட்டால் உண்மை புலப்படும். திருட்டிலே பொருளுடையவன் அறியாமலோ இசையாமலோ பொருள் போகிறது. எடுப்பது திருடனின் கை. பறிப்பிலே கொடுப்பது உடையவனின் கை. அவன் வாய் “எடுத்துக்கொள்” என்று சொல்லுகிறது. அவன் விரல் கையொப்பமிடுகிறது. அந்த இசைவைப் பிறப்பித்தது அச்சம். “நீதானே கொடுத்தாய்?” என்று பறித்தவன் பின்னர் கேட்க முடிகிறது. கொடுத்தவனும், நான்தானே கொடுத்தேன் என்று தன்னையே நொந்துகொள்கிறான். திருட்டுக் கொடுத்தவன் கூவுகிறான். பறிகொடுத்தவன் பெரும்பாலும் வாய்மூடி இருக்கிறான். இக்குற்றத்தின் கொடுமை இங்கேதான் இருக்கிறது.

இன்னொன்றும் கருதத்தக்கது. இக்குற்றம் தன் சொந்தப் பெயரோடு நடமாடுவதில்லை. கப்பம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். சிற்றரசன் பேரரசனுக்குச் செலுத்திய திறைக்கு அது பெயர். கன்னடத்திலும் கப்ப என்றே வழங்கும். இலங்கையிலோ தமிழிலும் சிங்களத்திலும் அது மிரட்டிப் பெறும் பணத்துக்குப் பெயராய் இறங்கிவிட்டது. தமிழ்நாட்டிலே மாமூல் என்கின்றனர். அரபியிலிருந்து வந்த அச்சொல்லுக்கு வழக்கமானது என்பதே பொருள். வழக்கமாய்ப் பெறுவதை எவன் கேள்வி கேட்பான்? சோழர் கல்வெட்டுகளிலே பாடிகாவல் என்றொரு வரி காணப்படுகிறது. ஊரைக் காப்பதற்காகச் செலுத்துவது. பாளையக்காரர் காலத்தில் அது தேசகாவல், தலக்காவல் எனப் பிரிந்து வளர்ந்தது. காவற்கூலி கொடாத ஊரில் களவு நிகழும். கொடுத்த ஊரில் நிகழாது. மதுரைச் சீமையில் துப்புக்கூலி என்ற ஒன்றும் இருந்தது. களவுபோன மாடு எங்கே இருக்கிறது என்று துப்புச் சொல்வதற்கான கூலி அது. மாட்டைக் கொண்டுபோனவருக்கும் துப்புச் சொன்னவருக்கும் இடையே உறவு இருந்ததை ஊரார் அறிந்தே கொடுத்தனர். ஆங்கிலேயர் பிளாக்மெயில் என்று வழங்கும் சொல்லும் இவ்வாறு பிறந்ததே. மெயில் என்பது ஸ்காத்லாந்து மொழியில் குத்தகை, திறை என்பவற்றைக் குறிக்கும். எல்லைப்புறத் தலைவர்கள் கொள்ளையிடாமல் விடுவதற்காக உழவர்கள் செலுத்திய பணமே அது.

திறை, வழக்கம், காவல், கூலி: இவையெல்லாம் நல்ல சொற்கள். நல்ல சொல்லின் போர்வையிலேதான் பறிப்பு ஊருக்குள் வருகிறது. இனி நம் மலைக்கு வருவோம். இங்கே அது போர்த்திக்கொண்டு வந்த சொல் துண்டு.

தோட்டத்துக்கு ஆள் சேர்த்தவர் கங்காணி. தோட்டம் அவருக்கு முன்பணம் கொடுத்தது. அவர் தம் ஊரிலும் அயலூரிலும் உறவினரையும் வறியோரையும் திரட்டினார். பழைய கடனை அடைக்கவும், வழிச்செலவுக்கும், அரிசிக்கும், கம்பளிக்கும் அவர் கொடுத்தது தொழிலாளியின் பெயரில் பற்றாயிற்று. மலையேறிய நாளிலேயே தொழிலாளி கடனாளி. கலியாணம் வந்தாலும் சாவு வந்தாலும் பற்று ஏறியது. கணக்கு எழுதியவர் கங்காணி. அதை வாசிக்க அறியாதவர் தொழிலாளி. தொகை எவ்வளவு என்பது அவர் சொன்னால்தான் தெரியும். பெரிய கங்காணி தோட்டத்துக்குப் பட்ட கடன் ஒரு கூட்டம் மக்களின் தலைமீது நின்றது.

அந்தக் கூட்டம் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துரை ஒரு சிறு தாளிலே எழுதித் தருவார். இத்தனை ரூபாய் கட்டினால் இன்ன கங்காணியையும் அவருடைய இத்தனை ஆட்களையும் விடுவிக்கச் சம்மதம் என்பது அதன் வாசகம். அந்தத் தாளே துண்டு. கங்காணி அதனை எடுத்துக்கொண்டு தோட்டந்தோட்டமாய்ப் போவார். ஆள் தேவைப்பட்ட துரை பணத்தைக் கட்டுவார். கங்காணிக்கு மேலும் முன்பணம் கொடுப்பார். மக்கள் பெயர்வார்கள், அவர்களுடைய கடனும் கூடவே பெயரும். பெயரும்போதெல்லாம் அது சற்றுப் பருக்கும். ஆள் பற்றாக்குறை மிகுந்த ஆண்டுகளிலே தோட்டங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டன, முன்பணம் உயர்ந்தது, உயர்ந்த தொகை முழுவதும் கொழுந்து பறித்தவர்களின் கணக்கிலேயே போய் அமர்ந்தது. மாட்டுக்கு விலைச்சீட்டு இருப்பதுபோல மனிதருக்கும் ஒரு சீட்டு இருந்தது என்றால் மிகையாகாது.

என் பாட்டனார் சிறுவனாய் இருந்தபோது அவ்வாறு மூன்று தோட்டங்கள் மாறியவர். மூன்று முறையும் தம் தந்தையாரிடம் எவரும் “போகச் சம்மதமா?” என்று கேட்டதில்லை என்பதை அவர் தம் மக்களிடம் சொல்லியிருக்கிறார். கேட்டிருந்தாலும் சம்மதம் என்றே சொல்லியிருப்பார் என்றும் சேர்த்துச் சொல்வாராம். சிறுதாள் எதனையும் எங்கள் வீட்டிலே துண்டு என்று சொல்வதில்லை. கடதாசி என்றே சொல்வோம். அதன் காரணம் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

சம்மதம் என்று ஏன் சொல்லியிருப்பார்? பிரட்டுக்களத்திலே எவரும் வாளேந்தி நிற்கவில்லை. ஆனால் 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருந்தது. உரிய அறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கிய தொழிலாளியைச் சிறையில் இட அதில் இடமிருந்தது. விடுதலைச் சீட்டு இல்லாதவரை வேறு தோட்டம் ஏற்காது. கடன் தீராமல் விடுதலைச் சீட்டுக் கிடையாது. இத்தனைக்கும் நடுவில் நின்று அவர் தம் கையாலேயே பெருவிரலை மையில் தோய்த்துப் பற்றுக்கு நேரே பதித்தார். மீன் பறிக்குள் தானே நுழைந்தது.

இது பணம் பறித்தல் ஆகுமா? இங்கே நாம் நிதானமாய்ப் பேச வேண்டும். தோட்டங்களில் தராசிலே நிறையைக் குறைத்து எழுதினால் அது வஞ்சனை. உழைத்த நாளுக்கு அரைப்பேர் போட்டால் அது கூலிக்குறைப்பு. தீமை எல்லாவற்றையும் பறிப்பு என்று அழைத்தால் சொல்லின் கூர்மை மழுங்கிவிடும். துண்டின் நிலை வேறு. அதிலே அச்சம் இருந்தது. அச்சத்திற் பிறந்த இசைவு இருந்தது. தன் கையாலே கொடுத்தல் இருந்தது. பறிப்பின் இலக்கணத்தில் ஒன்றுதான் குறைந்தது. தீங்கு என்ற சொல்லுக்குத் தண்டனைச் சட்டம் கூறும் பொருள், சட்டத்துக்கு மாறாக விளைவிக்கப்படும் கேடு என்பது. தொழிலாளி அஞ்சிய சிறையோ சட்டமே கட்டிய சிறை. ஆகவே, சட்டத்தின் கண்ணுக்கு அங்கே தீங்கும் இல்லை, பறிப்பும் இல்லை. அதே 1883 ஆம் ஆண்டின் சட்டக்கோவை கையிலிருந்தும் துண்டை அதனால் தொட முடியவில்லை.

இந்த இடைவெளியை ஈராயிரம் ஆண்டு அளவில் பழமையுடைய நம் நூல் ஒன்று நன்கு அறிந்திருந்தது. திருக்குறளின் கொடுங்கோன்மை அதிகாரத்திலே வள்ளுவர் ஓர் உவமை சொல்லுகிறார். ஆட்சிக் கோலைக் கையில் வைத்திருப்பவன் குடிகளிடம் பொருளை வேண்டிக் கேட்பது, வழிமறித்து வேலோடு நிற்பவன் கொடு என்று கேட்பதற்கு ஒப்பாகும் என்பது அதன் கருத்து. அரசன் மிரட்டவில்லை, இரக்கவே செய்கிறான். ஆயினும் கேட்கப்பட்டவனால் இல்லை என்று சொல்ல இயலாது. வேலின் இடத்திலே கோல் நிற்கிறது, அவ்வளவே. மெக்காலே எழுதிய பிரிவு வேலைக் கண்டது. வள்ளுவர் கோலையும் கண்டார். உரோமரும் பழைய ஆங்கிலேயரும் தொடக்கத்திலே கண்டதும் கோலைத்தான் என்பதை முன்னர்ப் பார்த்தோம்.

ஆதலின் துண்டை ஒழிக்க நீதிமன்றம் போதாதாயிற்று. சட்டத்தையே மாற்ற வேண்டியிருந்தது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் தலைவராகவும், தோட்டத்திலே பிறந்து வழக்கறிஞராய் உயர்ந்த பெரி. சுந்தரம் அவர்கள் செயலாளராகவும் அமைந்து 1919 ஆம் ஆண்டிலே இலங்கைத் தொழிலாளர் நலச் சங்கத்தை நிறுவினர். தொழிலாளியைக் குற்றவாளியாக்கும் சட்டப் பிரிவுகளை நீக்க வேண்டும் என்று அவர்கள் வாதிட்டனர். இந்தியாவிலும் இது பற்றிக் குரல் எழுந்தது. 1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1923 இல் குடிவரவு நிதி ஒன்று ஏற்படுத்தப்பட்டு, புதிதாய் வருவோரின் வழிச்செலவு அதிலிருந்து கொடுக்கப்படலாயிற்று. கடன் சுமவாமல் மலையேறும் நிலை அப்போதுதான் பிறந்தது.

காகிதம் ஒழிந்தது, அச்சம் உடனே ஒழியவில்லை. பெரிய கங்காணியின் கணக்குப் புத்தகமும் அவருடைய சொல்லும் நெடுங்காலம் ஆண்டன. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் அவர்கள் தோட்ட நிலையை நேரிற் காணத் துணி வியாபாரிபோல் உள்ளே சென்றார் என்பர். பத்திரிகை நடத்தினார், சட்ட சபையிலே பேசினார், 1931 இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சங்கம் கண்டார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் அவர்கள் கூட்டங்களிலே பாட்டுப் பாடித் தொழிலாளர்க்குத் தம் நிலையை எடுத்துரைத்தார். நடேசய்யர் எழுதிப் பரப்பிய துண்டுப் பிரசுரங்கள் பல. ஒரு துண்டு கட்டிப்போட்ட மக்களை வேறு துண்டுகள் எழுப்பின. கடன் என்றும் பற்று என்றும் வழக்கம் என்றும் பெயர் பூண்டிருந்ததை அதன் உண்மைப் பெயரால் அழைத்ததே அவர்கள் செய்த பெரும் பணி என்பேன்.

இவையெல்லாம் பழங்கதை என்று நேயர்கள் எண்ணுதல் கூடும். அண்மையில் மாணவி ஒருத்தியின் தாய் என் அலுவலகத்துக்கு வந்தார். வீட்டுத் தேவைக்காக ஓரிடத்திலே கடன் பெற்றிருந்தார். இரண்டு தவணை தவறிவிட்டது. வந்தவர்கள் ஒரு வெற்றுத்தாளைக் கொடுத்து அதிலே கையொப்பமிட்டுத் தரும்படி கேட்டிருக்கின்றனர். இடாவிட்டால் லயத்து வாசலிலே ஆட்களோடு வந்து நிற்போம். வயது வந்த மகளைப் பற்றி ஊர் பேசும்படி செய்வோம் என்று சொல்லிப் போயிருக்கின்றனர். தாளை என் மேசைமீது வைத்து அவர் கேட்டார்: “கையெழுத்துப் போடுவது நான்தானே, சேர்? பிறகு அவர்களை எப்படிக் குற்றம் சொல்வது?”

நூறு ஆண்டுகளுக்கு முன் பிரட்டுக்களத்தில் நின்ற மனிதரின் கேள்வியே அது. ஆனால் இம்முறை விடை சட்டத்திலேயே இருந்தது. கடனைக் கேட்பது உரிமை. அச்சுறுத்தி வெற்றுத்தாளிலே கையொப்பம் கேட்பது உரிமையன்று. 372 ஆம் பிரிவு பணத்தை மட்டும் சொல்லவில்லை, பின்னர் பத்திரமாக்கக்கூடிய கையொப்பத்தையும் சொல்லுகிறது என்று அவருக்கு வாசித்துப் பொருள் சொன்னேன். இருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கையொப்பமிடவில்லை. மறுநாள் தம் சகோதரருடன் பொலிஸ் நிலையத்துக்குச் சென்று முறையிட்டார். கடன் இன்னும் இருக்கிறது; அதை மாதந்தோறும் சிறிது சிறிதாய் அடைத்து வருகிறார். அந்த வெற்றுத்தாளை என்னிடமே வைத்திருக்கும்படி சொன்னார். அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். ஆம், மகளே, சொல் ஒன்றுதான். உன் தாய் செடியிலிருந்து கொழுந்தைப் பறிக்கிறார். செடி மீண்டும் தளிர்க்கிறது. மனிதனிடமிருந்து பறிப்பவனோ பொருளோடு சேர்த்து இல்லை என்று சொல்லும் வலிமையையும் எடுத்துப் போகிறான். அந்த வலிமை மீண்டும் தளிர்க்க வேண்டுமானால், நீட்டப்படும் தாளிலே என்ன எழுதியிருக்கிறது என்றும், என்ன எழுதப்படாமல் இருக்கிறது என்றும் வாசிக்கத் தெரிய வேண்டும். உன் பாட்டனுக்கு அது கிடைக்கவில்லை. அதற்காகத்தான் நீ பள்ளிக்கூடம் வருகிறாய்.